நாள் குறைவு, ஆட்டம் பெரிது: உலகக் கோப்பையில் ஒரு தேசிய அணியின் வியூகத்தைப் படிப்பது எப்படி?

2022 நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை. பள்ளி விட்டுக் கோரிப்பாளையம் வந்து சேர்ந்தபோது டீக்கடைத் தொலைக்காட்சி முன்னால் கூட்டம் சாலை வரை நின்றிருந்தது. அர்ஜென்டினாவும் சவுதி அரேபியாவும் ஆடிக்கொண்டிருந்தன. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் சவுதி இரண்டு கோல் போட்டு முன்னேறிவிட்டது. தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்காமல் வந்த அர்ஜென்டினா கண்ணெதிரே தடுமாறியது. என்னிடம் பயிற்சி பெறும் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்து, "சார், மெஸ்ஸிக்கு வயதாகிவிட்டதா?" என்று கேட்டான். "மெஸ்ஸியை விடு தம்பி. சவுதியின் பின்வரிசை எங்கே நிற்கிறது, அதைப் பார்" என்றேன். ஒரு நிமிடம் பார்த்தவன், "கிட்டத்தட்ட நடுக்கோட்டிலேயே நிற்கிறார்கள் சார்" என்றான். அன்றைய ஆட்டத்தைத் திறக்கும் சாவி அவன் கையில் வந்துவிட்டது.

அந்தச் சாவியை எல்லார் கையிலும் கொடுக்கவே இதை எழுதுகிறேன். மதுரையில் கால்பந்து பார்ப்பவர்கள் குறைவில்லை. தூங்கா நகரம் என்று பெயரெடுத்த ஊருக்கு இரவு பன்னிரண்டரை மணி ஆட்டம் ஒரு பொருட்டே இல்லை. பரோட்டாக் கல் சூடாக இருக்கும்வரை கடையில் ஆள் இருக்கும். ஆனால் பெரும்பாலோர் பந்தை மட்டும் பார்க்கிறார்கள். பயிற்சியாளர் என்ன நினைத்தார், எதற்குப் பயந்தார், எதைக் கைவிட்டார் என்பதெல்லாம் பந்து இல்லாத இடத்தில்தான் தெரியும். ஒரு குயர் நோட்டும் ஒரு பேனாவும் கைப்பிடி புளியங்கொட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் தேவையில்லை.

படி 1: முதலில் நாட்களை எண்ணுங்கள்

தேசிய அணியின் பயிற்சியாளரைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: அவருக்கு எத்தனை நாள் கிடைத்தது? கிளப் பயிற்சியாளர் ஆண்டு முழுவதும் அதே வீரர்களோடு இருக்கிறார். தேசிய அணிக்காரருக்கு வீரர்கள் கடன் வாங்கிய சொத்து. ஆண்டில் சில முறை, பத்துப் பத்து நாளாகக் கிடைப்பார்கள். பயணமும் களைப்பும் போக, மைதானத்தில் முழுமையாக வேலை செய்ய மிஞ்சுவது சில மணி நேரம்தான். 2022-இல் இன்னும் மோசம். கோப்பைக்கு முன் இங்கிலாந்து கிளப் போட்டியான பிரீமியர் லீக்கின் கடைசிச் சுற்று நவம்பர் 13-இல் முடிந்தது. உலகக் கோப்பை 20-ஆம் தேதி தொடங்கிவிட்டது.

இதன் வலி எனக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் மாவட்டச் சிறுவர் அணியொன்றைத் தயார்ப்படுத்தினேன். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வந்த பையன்கள். ஒருவன் ஆட்டத்தை இன்னொருவன் பார்த்ததே இல்லை. ஒன்பது நாளில் மூன்று வியூகம் சொல்லிக்கொடுத்தேன். முதல் ஆட்டத்திலேயே வலது பின்கள வீரனும் நடுத் தடுப்பாளனும், வந்த ஆளை மற்றவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டார்கள். அடுத்தடுத்து இரண்டு கோல். பையன்கள் மேல் குற்றமே இல்லை. ஒன்பது நாளுக்கு ஒரு வியூகமே அதிகம் என்று நான் அறிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தேசிய அணிகள் எளிமையாக ஆடுவதைப் பார்த்து நான் சலித்துக்கொண்டதில்லை.

எனவே நோட்டின் முதல் பக்கத்தில் அணியின் பெயரையும், பயிற்சியாளர் எப்போது பொறுப்பேற்றார் என்பதையும், போட்டிக்கு முன் எத்தனை நாள் முகாம் என்பதையும் எழுதுங்கள். மொராக்கோவின் வாலித் ரெக்ராகி 2022 ஆகஸ்டு இறுதியில்தான் பொறுப்புக்கு வந்தார். மூன்றரை மாதத்தில் அவர் அணி உலகக் கோப்பை அரையிறுதியில் நின்றது. ஆப்பிரிக்க அணி ஒன்று அதுவரை தொட்டிராத இடம் அது. அவர் தொடங்கிய இடம் தற்காப்பு. நாள் குறைந்தால் முதலில் சொல்லிக்கொடுக்க முடிவது அதுதான். நான்கு பேர் சேர்ந்து நகர்வதை ஒரு வாரத்தில் பழக்கலாம். நான்கு பேர் சேர்ந்து ஒரு தாக்குதலைப் பின்னுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

படி 2: பெயர்ப் பட்டியலில் கூட்டாளிகளைத் தேடுங்கள்

2022-இல் ஓர் அணிக்கு 26 பேர். பட்டியல் வந்ததும் எல்லாரும் யார் விடுபட்டார் என்று சண்டை போடுவார்கள். நீங்கள் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் ஆடும் கிளப்பை எழுதுங்கள். ஒரே கிளப்பிலிருந்து நாலைந்து பேர் இருந்தால் அடிக்கோடு போடுங்கள். 2010 இறுதிப் போட்டியில் களமிறங்கிய ஸ்பெயின் அணியில் புயோல், பிக்கே, புஸ்கெட்ஸ், ஸாவி, இனியெஸ்டா, பெட்ரோ என ஆறு பேர் பார்சிலோனாவில் ஒன்றாக ஆடியவர்கள். 2014 இறுதியில் தொடங்கிய ஜெர்மனி அணியில் நோயர், லாம், போட்டெங், ஷ்வைன்ஸ்டைகர், க்ரோஸ், முல்லர் என ஆறு பேர் பேயர்ன் மியூனிக். இரண்டும் கோப்பை வென்ற அணிகள். பயிற்சியாளருக்குக் கிடைக்காத நாட்களைக் கிளப் அவருக்காகச் செலவழித்து வைத்திருந்தது.

அடுத்து, ஒரு வேலைக்கு எத்தனை ஆள் என்று பாருங்கள். இடது பின்களத்துக்கு ஒரே ஒருவர்தான் என்றால் அங்கே ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். போட்டி நீள நீள அந்த இடம் நோகும்.

படி 3: புளியங்கொட்டையால் இரண்டு படம்

4-3-3, 4-4-2 என்று, பின்னாலிருந்து வரிசைக்கு எத்தனை பேர் என்பதைத் தொலைக்காட்சியில் காட்டும் எண்களை நம்பிப் பாதி ஆட்டத்தைக் கோட்டை விட்டவர்கள் பலர். எந்த அணிக்கும் இரண்டு வடிவம் உண்டு. பந்து கையில் இருக்கும்போது ஒன்று, எதிரியிடம் இருக்கும்போது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் நான் செய்வது இதுதான். பதினொரு புளியங்கொட்டையை வைத்துக்கொள்வேன். முதல் பத்து நிமிடத்தில் மூன்று தருணங்களுக்காகக் காத்திருப்பேன். ஒன்று, எதிரணி கோல்கீப்பர் கோல் கிக் எடுக்கும் நேரம். இரண்டு, எதிரணியின் நடுத் தடுப்பாளர் நடுக்கோட்டருகே பந்தோடு நிதானமாக நிற்கும் நேரம். மூன்று, நம் அணி பந்தைப் பிடித்து முதல் மூன்று பாஸ் போட்ட நேரம். இந்தத் தருணங்களில் காமிரா பெரும்பாலும் விலகி அகலமாகக் காட்டும். முதல் இரண்டில் தற்காப்பு வடிவம் தெரியும், மூன்றாவதில் தாக்குதல் வடிவம் தெரியும். பின்னாலிருந்து முன்னால் எண்ணிக்கொண்டே கொட்டைகளை நகர்த்த வேண்டும். முகங்களைப் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள்.

2018 பிரான்ஸ் அணியைப் பலரும் 4-2-3-1 என்று எழுதினார்கள். கொட்டையை வைத்துப் பார்த்தால் இடமும் வலமும் ஒத்துப்போகாது. வலப்பக்கம் எம்பாப்பே எப்போதும் முன்னால் காத்திருந்தார். இடப்பக்கம் இருந்தது விங் வீரரே அல்ல, நடுகள வீரரான மத்துயிடி. பந்து போனதும் அவர் உள்ளே வந்து கான்டே, போக்பா இருவரோடு மூன்றாவது ஆளாக நின்றுவிடுவார். ஒரு பக்கத்தைப் பூட்டிவிட்டு மறுபக்கத்து இளைஞனை அவிழ்த்துவிட்டார் பயிற்சியாளர் திதியே தெஷாம்ப். அழகில்லை என்று குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அதன் நேர்மை பிடித்திருந்தது.

படி 4: பின்வரிசை எங்கே நிற்கிறது?

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இந்தப் படி கால்வாசி ஏற்கெனவே தெரியும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பின்னால் காலிப் புள்ளி இருந்தால்தான் புலி தாண்டி வெட்ட முடியும். ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று புள்ளிகளை அடைத்துவிட்டால் எத்தனை பெரிய புலியும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். மொராக்கோ செய்தது இதைத்தான். பெனால்டி பெட்டிக்கு முன்னால் இரண்டு வரிசை, வரிசைகளுக்கு இடையே நடுகள வீரர் அம்ராபட். ஸ்பெயின் அவர்களைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ் போட்டது. 120 நிமிடம் கோலே இல்லை. ஷூட் அவுட்டில் ஸ்பெயினால் ஒரு பெனால்டியைக்கூட உள்ளே தள்ள முடியவில்லை, 3-0. அரையிறுதிக்கு வரும்வரை மொராக்கோ வாங்கியது ஒரே ஒரு கோல், அதுவும் தன் வீரர் காலில் பட்டு உள்ளே போன பந்து.

சவுதியின் பயிற்சியாளர் ஹெர்வே ரெனார்ட் அதற்கு நேர் எதிரான வழியில் போனார். பின்வரிசையை மேலே ஏற்றி, முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் வெற்றிடத்தைத் திறந்து வைத்தார். ஆடுபுலி ஆட்டத்தில் அது தற்கொலை. கால்பந்தில் ஆஃப்சைடு விதி (பாஸ் கிளம்பும் நொடியில் தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்பவருக்குப் பந்து போனால் செல்லாது) அந்தக் காலிப் புள்ளியைக் காவல் காக்கிறது, நான்கு பேரும் ஒரே நொடியில் அடியெடுத்து வைத்தால் மட்டும். முதல் பாதியில் அர்ஜென்டினா வலைக்குள் அனுப்பிய மூன்று பந்துகள் ஆஃப்சைடு என்று ரத்தாயின. ஒருவர் அரை அடி பின்தங்கியிருந்தால் ஆட்டம் பாதி நேரத்திலேயே முடிந்திருக்கும். அத்தனை பெரிய ஆபத்தை ஏன் எடுத்தார்? மெஸ்ஸிக்கு எட்டிய தூரத்தில் தன் கோல் கம்பம் இருக்கக் கூடாது என்பதற்காக. மெஸ்ஸி பந்தைத் தொடும் இடத்தையே கோலிலிருந்து தூரத் தள்ளிவிட்டார்.

நோட்டில் எழுத வேண்டியது: எதிரணி நடுக்கோட்டில் பந்து வைத்திருக்கும்போது நம் கடைசி வரிசை பெனால்டி பெட்டிக்கு அருகிலா, நடு வட்டத்துக்கு அருகிலா? முன்னால் நிற்பவர் பந்தை நோக்கி ஓடுகிறாரா, பாதையை மறித்து நிற்கிறாரா? இதை 15, 45, 60, 80-ஆம் நிமிடங்களில் குறியுங்கள். வரிசை கீழே இறங்கிக்கொண்டே வந்தால் ஒன்று களைப்பு, அல்லது கட்டளை. எது என்பதைப் பயிற்சியாளரின் கை சொல்லும். வரிசை இறங்கும்போது அவர் "மேலே, மேலே" என்று கையை வீசினால் அது களைப்பு.

படி 5: முதல் ஆட்டத்துக்கும் இரண்டாம் ஆட்டத்துக்கும் நடுவே

என்னைக் கேட்டால் ஒரு பெரிய போட்டியில் மிக முக்கியமான நாட்கள் இவைதான். முதல் ஆட்டம் வரை பயிற்சியாளர் நினைத்தது வேறு, பார்த்தது வேறு. நான்கு நாள் இடைவெளியில் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுக்க வேண்டும். பயிற்சிக்கு நேரமில்லை, ஆளை மாற்றத்தான் நேரம் இருக்கிறது.

அர்ஜென்டினா பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனி சவுதியிடம் தோற்றபின் மெக்சிகோவுக்கு எதிராக ஐந்து பேரை மாற்றினார். நடுகளத்தில் அலெக்சிஸ் மெக் அலிஸ்டர் வந்தார். மாற்று வீரராக இறங்கிய என்ஸோ ஃபெர்னாண்டஸ் 87-ஆம் நிமிடத்தில் இரண்டாவது கோலை அடித்தார். மூன்றாவது ஆட்டத்தில் போலந்துக்கு எதிராக என்ஸோ தொடக்கத்திலிருந்தே ஆடினார், லவுட்டாரோ மார்ட்டினஸ் இடத்தில் ஹூலியன் ஆல்வரெஸ். மெக் அலிஸ்டரும் ஆல்வரெஸும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். தோற்ற அணியும் ஒரு வாரம் கழித்து வென்ற அணியும் பெயரில்தான் ஒன்று. மெஸ்ஸியைச் சுற்றி ஓடவும் அழுத்தவும் இளைய கால்கள் வேண்டும் என்பதை ஸ்கலோனி ஒரே தோல்வியில் படித்துக்கொண்டார்.

அவர் அதோடு நிற்கவில்லை. காலிறுதியில் நெதர்லாந்து இரண்டு பக்க விங்பேக்குகளோடு, அதாவது ஓரத்தில் ஏறித் தாக்கவும் இறங்கித் தடுக்கவும் செய்பவர்களோடு வந்தது. அவர் மூன்று நடுத் தடுப்பாளர்களை வைத்து அதே வடிவத்தை எதிரே நிறுத்தினார். அரையிறுதியில் குரோஷியாவின் நடுகளம் பலம் என்பதால் பரேடெஸைச் சேர்த்து நான்கு நடுகள வீரர்கள். பிரான்ஸுக்கு எதிரான இறுதிப் போட்டியில் டி மரியாவைக் கொண்டுவந்து, வழக்கமான வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கம் நிறுத்தினார். அங்கேதான் பிரான்ஸின் டெம்பெலே தற்காக்க வேண்டியிருந்தது. முதல் பெனால்டி அந்த மூலையிலிருந்து கிடைத்தது, இரண்டாவது கோலை டி மரியாவே அடித்தார். இதை எல்லாம் புதுப் பாடம் என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரத்தில் புதிய ஆட்டம் சொல்லிக்கொடுக்க முடியாது. தெரிந்த ஆட்களைத் தெரிந்த வேலைக்கு, வேறு இடத்தில் நிறுத்தினார்.

மாற்றாமல் இருப்பதும் ஒரு முடிவு. 2010-இல் ஸ்பெயின் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றது. புஸ்கெட்ஸ், அலோன்சோ என்று இரண்டு தற்காப்பு நடுகள வீரர்கள் எதற்கு என்று நாடே கேட்டது. விசென்டே தெல் போஸ்கே இருவரையும் கடைசி வரை வைத்திருந்தார். கோப்பை வந்தது.

வெளிநாட்டுக் கதையே சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். இந்தப் படிக்கு நான் அறிந்த மிகச் சிறந்த பாடம் நம் நாட்டுடையது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம் பயிற்சியாளர். இந்தியா முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்தை வென்றபோது தடுப்பாட்டத் தூண் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட்டார்கள். பிற பயிற்சியாளர் என்றால் அவரை ஓய்வில் விட்டிருப்பார். ரஹீம் ஜப்பானுக்கு எதிராக மட்டும் ஓய்வு கொடுத்தார். அரையிறுதியில் தையல் போட்ட தலையோடு அவரைக் களமிறக்கினார், அதுவும் சென்டர் ஃபார்வர்டாக! கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்களத்தில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் போட்டார், 3-2. இறுதியில் மறுபடியும் அதே தென் கொரியா. கோல் கம்பத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வார்த்தெடுத்த பீட்டர் தங்கராஜ். 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங். இந்தியா 2, தென் கொரியா 1. உடல் நலம் குன்றிய நிலையிலேயே ரஹீம் அந்த அணியை நடத்தினார். அடுத்த ஆண்டு புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. இந்தியக் கால்பந்து அந்தத் தங்கத்தை இன்னும் மீட்கவில்லை.

முதல் ஆட்டம் முடிந்த இரவே நோட்டில் எழுதிவையுங்கள்: "நான் பயிற்சியாளராக இருந்தால் மாற்றும் இரண்டு பேர்." பெயரை மட்டும் எழுதினால் போதாது, எந்த வேலைக்காக என்று ஒரு வரி வேண்டும்.

படி 6: மாற்று வீரர் இறங்கும்போது கொட்டையை நகர்த்துங்கள்

இப்போது ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம். பாதி நேர இடைவேளை தவிர மூன்று தடவைதான் ஆட்டத்தை நிறுத்தலாம். கூடுதல் நேரத்தில் இன்னும் ஒருவர். இதனால் ஆட்டம் பதினொரு பேரோடு முடிவதில்லை, பதினாறு பேரோடு முடிகிறது.

சவுதி வென்ற மறுநாள் ஜெர்மனியும் ஜப்பானும். இடைவேளையில் ஜெர்மனி 1-0. ஜப்பான் பந்தையே பார்க்கவில்லை. அன்று என்னைச் சுற்றி ஆறேழு பையன்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் முன்களத்து குபோ வெளியே, தடுப்பாளர் டொமியாசு உள்ளே. "தோற்கும்போது தடுப்பாளரா?" என்று ஒருவன் கத்தினான். பெஞ்சில் இருந்த கொட்டைகளில் ஒன்றைப் பின்னுக்கு இழுத்தேன். பின்னால் மூன்று பேர் ஆனதும் இரண்டு ஓரத்துக் கொட்டைகளும் தானாக மேலே போக இடம் கிடைத்தது. ஜெர்மனியின் பக்கத் தாக்குதலுக்கு ஆளுக்கு ஆள் சரியாயிற்று. பிறகு பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு வரிசையாகத் தாக்குதல் வீரர்களை இறக்கினார்: மிட்டோமா, அசானோ, டோவான், மினாமினோ. 75-ஆம் நிமிடத்தில் டோவான், 83-இல் அசானோ. இருவருமே பெஞ்சிலிருந்து வந்தவர்கள். அந்தப் பையன்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவன் மட்டும் கொட்டையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆகவே மாற்று நடந்தால் நிமிடம், வெளியே போனவர், உள்ளே வந்தவர், வடிவம் மாறியதா இல்லையா என்று நான்கும் ஒரு வரியில் வர வேண்டும். வடிவம் மாறாவிட்டால் அது கால் மாற்று, மாறினால் அது எண்ண மாற்று. எண்ண மாற்று எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு துணிச்சல். 2022 இறுதியில் 0-2 என்று பின்தங்கிய தெஷாம்ப் இடைவேளைக்குக்கூடக் காத்திராமல் 41-ஆம் நிமிடத்திலேயே ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்தார். அந்த இடத்தில் வந்த கோலோ முவானிதான் 80-ஆம் நிமிடப் பெனால்டியை வாங்கிக்கொடுத்தார்.

2014 காலிறுதியை மறக்க முடியாது. கோஸ்டாரிகாவுக்கு எதிரே நெதர்லாந்தின் லூயிஸ் வான் கால் கடைசி மாற்றை 120 நிமிடம் வரை கையில் வைத்திருந்து, ஷூட் அவுட்டுக்காகவே கோல்கீப்பரை மாற்றினார். வந்த டிம் க்ருல் இரண்டு பெனால்டியைத் தடுத்தார். அரையிறுதியில் அவரிடம் மாற்று மிச்சமில்லை. பழைய கோல்கீப்பரே நின்றார், அர்ஜென்டினா ஷூட் அவுட்டில் வென்றது.

2026 உலகக் கோப்பைக்கு ஒவ்வொரு பாதியிலும் மூன்று நிமிடத் தண்ணீர் இடைவேளையை ஃபிஃபா அறிவித்தது. அந்த இடைவேளைக்கு முன்னும் பின்னும் கொட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

படி 7: நின்ற பந்து

கார்னர், ஃப்ரீ கிக், தூரத்து த்ரோ இன். நாள் குறைந்த பயிற்சியாளருக்கு இவைபோல் லாபம் தரும் பாடம் வேறில்லை. எதிரி ஓடாமல் நிற்பான், பந்து எங்கே வரும் என்பது நம் கையில். அரை மணி நேரப் பயிற்சி ஒரு கோலாகத் திரும்பி வரும். 2018-இல் இங்கிலாந்து போட்ட 12 கோலில் 9, பெனால்டியையும் சேர்த்து, நின்ற பந்திலிருந்து வந்தவை. கார்னரில் நாலைந்து பேர் ரேஷன் கடை வரிசைபோல் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி நின்று, பந்து கிளம்பியதும் நான்கு திசையில் சிதறுவார்கள். யாரை யார் பிடிப்பது என்று தடுப்பவர்கள் குழம்பிப்போவார்கள். 2004 யூரோ கோப்பையில் ஓட்டோ ரேஹாகலின் கிரீஸ் அரையிறுதி, இறுதி இரண்டையும் கார்னரில் வந்த தலையால் முட்டிய கோல்களால் வென்றது.

நெதர்லாந்து, அர்ஜென்டினா காலிறுதியின் கடைசி ஃப்ரீ கிக்கை நம் ஊரில் இரவு இரண்டரை மணிக்குப் பார்த்தோம். எல்லாரும் சுவருக்கு மேல் வளைத்து அடிப்பார்கள் என்று காத்திருந்தபோது கூப்மைனர்ஸ் பந்தைத் தரையோடு உருட்டினார். சுவரோரம் நின்ற வெக்ஹோர்ஸ்ட் அதைக் காலில் வாங்கித் திரும்பி உள்ளே தள்ளினார், 2-2. ஆட்டத்தின் 101-ஆவது நிமிடம் வரை அந்தச் சீட்டைக் காட்டாமல் வைத்திருந்ததுதான் எனக்கு வியப்பு.

இந்தப் படிக்கு ஒரே வேலை: கார்னர் கொடி அருகே நிற்பவர் கையைத் தூக்குகிறாரா என்று பாருங்கள். ஒரு கை, இரண்டு கை என்று ஒவ்வொன்றுக்கும் பந்து எங்கே விழுந்தது என்று குறித்தால், மூன்றாவது ஆட்டத்தில் உங்களுக்கே அவர்கள் மொழி புரியும்.

படி 8: புள்ளிப் பட்டியலையும் வியூகமாகப் படியுங்கள்

2026 முதல் 48 அணிகள், நான்கு நான்காக 12 பிரிவு. முதலிரண்டு இடம் பிடித்தவர்களோடு, மூன்றாம் இடத்தாரில் சிறந்த எட்டு அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும். கோப்பையை வெல்ல முன்பெல்லாம் ஏழு ஆட்டம் ஆட வேண்டும், இனி எட்டு. இந்த ஏற்பாட்டில் தோற்காமல் இருப்பதற்கு விலை கூடிவிட்டது. மூன்றாம் இடத்துக்கும் வழியிருந்த 2016 யூரோவில் போர்ச்சுகல் பிரிவுச் சுற்றில் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து மூன்றாவதாகத் தேறியது. கடைசியில் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. ஏழு ஆட்டத்தில் 90 நிமிடத்துக்குள் அது வென்றது அரையிறுதி ஒன்றுதான். ஆகவே மூன்றாவது ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடத்தில் இரு அணியும் பந்தைப் பின்னாலேயே உருட்டினால் சோம்பல் என்று திட்டுவதற்கு முன் பட்டியலைப் பாருங்கள்.

மஞ்சள் அட்டைக் கணக்கும் நோட்டில் இருக்கட்டும். 2014 அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று நொறுங்கியபோது கேப்டன் தியாகோ சில்வா களத்தில் இல்லை. காலிறுதியில் எதிரணி கோல்கீப்பர் பந்தை உதைக்கவிடாமல் மறித்ததற்காக வாங்கிய அட்டை அவரை உட்கார வைத்தது. நெய்மாரும் காயத்தில். தேவையற்ற ஒரு மறிப்பு!

படி 9: பட்டியல் வருமுன் பதினொரு பெயர்

தொடங்கும் அணியின் பெயர்ப் பட்டியல் ஆட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் வெளிவரும். அதற்குள் இதுவரை எழுதிய பக்கங்களைப் புரட்டி, உங்கள் பதினொரு பெயரை எழுதுங்கள். எதிரணியின் பலம் எந்தப் பக்கம், நம் களைத்த வரிசை எது, அட்டை யாருக்கு, கூட்டாளிகள் யார் என்று யோசித்து எழுத வேண்டும். பட்டியல் வந்ததும் ஒப்பிடுங்கள். எட்டு, ஒன்பது பெயர் பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இரண்டு பெயருக்கு வட்டம் போடுங்கள். நீங்கள் பார்க்காத ஒன்றைப் பயிற்சியாளர் அங்கே பார்த்திருக்கிறார். ஆட்டம் தொடங்கியதும் முதல் பதினைந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அந்த இருவரை மட்டும் பாருங்கள்: யாருக்கு அருகில் நிற்கிறார்கள், பந்து போனதும் எந்தத் திசையில் ஓடுகிறார்கள். பிறகு பெஞ்சில் அந்த இரண்டு கொட்டைகளையும் அவர்கள் நிற்கும் இடத்துக்கு நகர்த்துங்கள்.